ஈஸ்ட் பெங்கால் கழகமும் அதன் ரசிகர்களும்

ஊரைவிட்டு வெளியே வந்து பிழைக்கும் நமக்கு, ஊர் என்பது திரும்பிப் போகக்கூடிய ஓர் இடம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரயிலேறிப் போய், குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, தெருமுனையில் நின்று நாலு பேரிடம் நலம் விசாரித்துத் திரும்புகிறோம். போக இயலாத ஆண்டிலும், பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைச் சுமந்துகொண்டே இருக்கிறோம். கல்கத்தாவில் நம் அண்டை வீடுகளில் வாழும் ஒரு பெருங்கூட்டத்தாருக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. அவர்களுடைய ஊர்கள் 1947ஆம் ஆண்டில் எல்லைக்கு அப்பால் போயின. டாக்காவும் பரிஸாலும் மைமன்சிங்கும் அயல்நாட்டு நகரங்கள் ஆயின. அவர்கள் தங்கள் ஊரின் பெயரை ஒரு கால்பந்துக் கழகத்தில் வைத்துக் காத்துவருகிறார்கள். அந்தக் கழகத்தின் பெயர் ஈஸ்ட் பெங்கால்.

நகரத்தின் பெயர் 2001இல் கொல்கத்தா என்று திருத்தப்பட்டதை அறிவேன். ஆயினும் வாய்ப்பழக்கத்தால் கல்கத்தா என்றே சொல்லிவருகிறேன். நான் 1972இல் வேலைக்காக இந்நகருக்கு வந்தவன். லேக் மார்க்கெட் பக்கத்தில், நம்மவர் மிகுதியாக வாழும் தெருக்களில் ஒன்றில் குடியேறினேன். ஈஸ்ட் பெங்கால் ரசிகனாக ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பரிஸாலில் பிறந்தவர். அவர் அழைத்துக்கொண்டு போனார், நான் போனேன். அந்த ஆண்டுகளில் இந்த அணி தோற்பதைப் பார்ப்பதே அரிது. அதே அணி 2020க்குப் பிறகு தொடர்ந்து லீகின் அடிமட்டத்தில் கிடந்தபோது, 'இதை இன்னுமா பார்க்கிறீர்கள்?' என்று வீட்டார் கேட்டனர். அந்தக் கேள்விக்குரிய விடையைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

கழகம் பிறந்ததே ஒரு மனக்குறையில்தான். 1920ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், கூச் பிகார் கோப்பைக்காக ஜோராபாகான் அணியும் மோகன் பாகான் அணியும் மோதின. ஜோராபாகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் நீக்கப்பட்டார். அக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டும் பயனில்லை. போஸ் கிழக்கு வங்கத்தார் என்பதே ஒதுக்கியதற்குக் காரணம் என்று கருதிய சௌதுரி, கழகத்தை விட்டு வெளியேறினார். நண்பர்கள் சிலரோடு கூடி ஆகஸ்ட் முதல் நாளன்று ஒரு புதிய கழகத்தைத் தொடங்கினார். கிழக்கு மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் தலைநகருக்கு வந்தவர்களின் கழகம் அது. நாட்டுப் பிரிவினைக்கு இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. அப்போது அதன் உறுப்பினர்கள் அகதிகள் அல்லர். நம்மைப் போல வெளியூர்க்காரர்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்கத்தா லீகின் முதற் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்று அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. மோகன் பாகானும் ஆரியனும் அவ்விரு இடங்களில் இருந்தன. விதி தளர்ந்த பிறகு, 1925இல் ஈஸ்ட் பெங்கால் மேலேறியது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் மோகன் பாகானை முதன்முதலாக லீகில் எதிர்த்து, நேபாள் சக்கரவர்த்தி போட்ட ஒரே கோலில் வென்றது. நூறாண்டு ஓடும் பகைக்கு அன்று பிள்ளையார் சுழி போட்டாயிற்று. ஆனால் 1928இல் அணி மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1930இல் சுதந்திரப் போராட்டத்தின் காரணமாக லீக் நடுவில் நின்றுபோக, கழகத்துக்கு வரவேண்டிய ஏற்றம் மறுக்கப்பட்டது. ரசிகர்கள் கையில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள் என்றும், கழகத்தின் சின்னமாகிய தீப்பந்தம் அன்று பிறந்தது என்றும் சொல்வார்கள். வெற்றிக் கோப்பையைச் சின்னமாக வைத்துக்கொள்ளும் கழகங்கள் பல உண்டு. இவர்களோ ஒரு முறையீட்டைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

1947க்குப் பிறகு கழகத்தின் பொருளே மாறியது. இலட்சக்கணக்கான மக்கள் உடுத்த துணியோடு எல்லை கடந்து வந்தார்கள். யாதவ்பூர், பிஜய்கட் போன்ற தென் கல்கத்தாப் பகுதிகளில் காலி நிலங்களில் மூங்கிலும் தகரமும் கொண்டு குடியேற்றங்களை எழுப்பினார்கள். அவர்கள் விட்டு வந்த மாகாணத்தின் பெயர் 1955இல் கிழக்குப் பாகிஸ்தான் என்றாயிற்று. 1971இல் வங்காள தேசம் என்றாயிற்று. நாட்டுப் படத்தில் 'ஈஸ்ட் பெங்கால்' என்ற பெயர் எங்கும் இல்லாமல் போன பிறகு, சிவப்பும் பொன்னிறமும் கலந்த அந்தச் சட்டையில் மட்டும் அது எஞ்சியது. எதிரணியாகிய மோகன் பாகான், நகரத்துப் பூர்வகுடிகளின் அணி என்று பெயர் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனின் விலை ஏறும். மோகன் பாகான் வென்றால் இறாலின் விலை ஏறும். மீன் சந்தைக்குப் போகாத நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக்கூட முந்தின நாள் ஆட்டத்தின் முடிவு காலையிலேயே தெரிந்துவிடும்.

இந்த அகதிகளின் அணியை வெற்றி அணியாக ஆக்கியவர்கள் தென்னாட்டினர் என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கழகத்தின் செயலாளராக இருந்த ஜோதிஷ் சந்திர குஹா, ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பதில் வல்லவர். அவர் பெங்களூரிலும் ஆந்திரத்திலும் கேரளத்திலும் தேடி, வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரை முன்வரிசையில் நிறுத்தினார். கல்கத்தா மக்கள் இவர்களுக்குப் 'பஞ்சபாண்டவர்' என்று பெயரிட்டார்கள். 1949 முதல் 1953 வரை இவர்கள் சேர்ந்து ஆடினார்கள். 1949இல் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே ஆண்டில் கிடைத்தன. கேடயத்தை அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் வென்றார்கள். டெல்லியில் 1951, 1952 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தூரந்த் கோப்பையை எடுத்தார்கள். அகமது கான் வெறுங்காலோடு ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றபோது, அந்த ஒற்றைக் கோல் அவருடையது. ஊரை இழந்தவர்கள், வேற்றூர்க்காரர்கள் ஐவரின் கால்களில் தங்கள் மானத்தை ஒப்படைத்துக் கொண்டாடினார்கள். 'வங்காளிகளின் கழகம்' என்று யாரேனும் குறுகிய பொருளில் பேசினால், நான் இந்த ஐந்து பெயர்களைச் சொல்வது வழக்கம்.

பாண்டவர்கள் பிரிந்த பின் வறட்சி வந்தது. 1952இல் வென்ற லீகை மீண்டும் வெல்ல ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதை 1961இல் மீட்டுத் தந்த தலைவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஹைதராபாத்தில் ரஹீம் என்னும் பெரும் பயிற்சியாளரின் கண்ணில் பட்டு, 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார்; 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியில் ஆடினார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவரையும் ஒரே மூச்சில் சொல்வது அக்கால வழக்கம். நுரையீரல் நோய் காரணமாக 1963இலேயே, முப்பது வயதுக்கு முன், அவருடைய ஆட்டம் நின்றது. அதற்குப் பின்னும் வங்காளத்தை விட்டுப் போகாமல், ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றி ஒரு சொல். கழகம் தம்மை நடத்திய விதத்தில் அவருக்கு மனக்கசப்பு இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை. தம் உடலைக் கழகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. ரசிகர்கள் பலருக்கு இது கேட்கப் பிடிக்காத செய்தி. எனக்கு அது அவசியமான செய்தியாகவே பட்டது. அணியை நேசிப்பவர்களும் கழகத்தை நடத்துபவர்களும் ஒருவரே அல்லர் என்பதை, அந்த அணிக்காக ஆடிய ஒரு பெரியவரே நமக்கு நினைவூட்டிவிட்டுப் போனார்.

நான் வந்த காலம் பொற்காலம். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலிடம் இருந்தது. 1975 செப்டம்பர் 30ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பாகானை 5-0 என்று வீழ்த்தியது. டிக்கெட் கிடைக்காத நாட்களில் ஆகாசவாணியின் வங்காள வருணனைதான் கதி. அஜய் பாசு, கமல் பட்டாச்சார்யா, புஷ்பேன் சர்க்கார் ஆகியோரின் குரல்களிலிருந்தே நான் வங்காள மொழியைக் கற்றேன். ஆகையால் என் வங்காளத்தில் இன்றும் சற்று மைதான வாடை அடிக்கும் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

ஆனால் அந்தப் பக்தியின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. 1975இல் அந்த ஐந்து கோல்களைத் தாங்க மாட்டாமல் மோகன் பாகான் ரசிகரான ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இரு அணிகளும் ஆடியபோது கிளம்பிய கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். வீட்டிலிருந்து ஆட்டம் பார்க்கப் போனவர்கள்! அந்நாளை வங்காளம் கால்பந்து அன்பர் தினமாக நினைவுகூர்கிறது. அணிக்காக உயிரை விடுவேன் என்று யாரேனும் பெருமையாகப் பேசினால், நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

வீழ்ச்சி எங்கே தொடங்கியது என்பதில் ரசிகர்கள் ஒருமைப்படுவதில்லை. பயிற்சியாளரைக் குறை கூறுவார்கள், அயல்நாட்டு ஆட்டக்காரரைக் குறை கூறுவார்கள், நடுவரைக் கூறாமல் இருக்கவே மாட்டார்கள். என் கருத்தில், வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இக்கழகங்கள் தமக்கென்று வருவாய் எதையும் தேடிக்கொள்ளவில்லை. நகரின் நடுவே பரந்து கிடக்கும் மைதானம் இராணுவத்தின் பொறுப்பில் உள்ள நிலம்; அங்கே கழகத்துக்கு ஒரு கூடாரமும் ஓர் ஆடுகளமும் உண்டே தவிர, விரும்பியபடி கட்டடம் எழுப்ப உரிமை இல்லை. உறுப்பினர் சந்தா சொற்பம். டிக்கெட் வருமானமும் பெரிதன்று. பணம் என்பது செல்வந்தரான அன்பர் சிலரின் மடியிலிருந்தே வந்தது. ஆட்டக்காரர்களுக்கோ வங்கியிலோ சுங்கத்துறையிலோ ரயில்வேயிலோ வேலை இருந்தது. மாதச் சம்பளம் அங்கே, ஆட்டம் இங்கே. இந்த ஏற்பாடு நடந்தவரை நன்றாகவே நடந்தது. 1997 ஜூலையில் சால்ட் லேக் அரங்கில் நடந்த பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. இத்தனை பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டும் கழகத்தின் பெட்டியில் காசு தங்கவில்லை.

1996இல் தேசிய லீக் தொடங்கியதும் முழுநேரத் தொழில்முறை ஆட்டம் தவிர்க்க முடியாததாயிற்று. 1998இல் ஒரு மதுபான நிறுவனக் குழுமம் ஈஸ்ட் பெங்காலிலும் மோகன் பாகானிலும் பாதிப் பங்கை வாங்கியது. அன்று முதல் கழகத்தின் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது: கிங்பிஷர் ஈஸ்ட் பெங்கால். நாம் பெயருக்கு முன் ஊரை வைக்கிறோம். இவர்கள் ஊருக்கு முன் பீரை வைத்தார்கள். இருந்தும் அந்தப் பணத்தில் நல்ல பலனும் விளைந்தது. 2000-01, 2002-03, 2003-04 ஆகிய மூன்று பருவங்களில் தேசிய லீக் கிடைத்தது. 2003இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகப் போட்டியின் இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் தேரோ சாசனா அணியை 3-1 என்று வென்றது. சுபாஷ் பௌமிக் பயிற்றுவித்த அந்த அணியைப் போல ஒன்றை நான் மீண்டும் பார்க்கவில்லை.

2004க்குப் பின் தேசிய லீக் கைக்கு வரவில்லை. பெடரேஷன் கோப்பைகள் வந்தன. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் கல்கத்தா லீக் வந்தது. ஆனால் பெரிய பட்டம் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. ஐந்து முறை இரண்டாம் இடம். அவற்றுள் கடைசி முறைதான் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. 2018-19 பருவத்தின் இறுதி நாளில், ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியை 2-1 என்று வென்றது. அதே நேரத்தில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி பஞ்சாபின் மினர்வா அணியை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளோடு பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீகை வென்ற நாள் அது. என் வீட்டில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. வாழ்த்துவதா துக்கம் விசாரிப்பதா என்று அழைத்தவர்களுக்கே தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், பேசாமல் இருந்தேன். அந்தச் சென்னை சிட்டி அணி 2020-21க்குப் பின் ஐ-லீகிலிருந்தே மறைந்தது. பட்டம் வென்ற ஓர் அணி இரண்டே ஆண்டில் காணாமற்போகக்கூடிய அளவுக்கு நம் நாட்டுக் கால்பந்தின் அடித்தளம் மெலிந்தது. தோற்ற ஈஸ்ட் பெங்கால் நின்றது. ஏன் நின்றது? அதற்கு மக்கள் இருந்தார்கள்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, பழைய கழகங்கள் எவையும் அதில் இல்லை. கல்கத்தாவின் இடத்தைப் புதிதாக உண்டாக்கப்பட்ட ஓர் அணி வாங்கியது. நூறாண்டை நெருங்கும் கழகங்கள், சொந்த நகரத்திலேயே இரண்டாந்தர விருந்தாளிகள் ஆயின. 2019இல் சூப்பர் லீகே நாட்டின் முதல் லீக் என்று ஆனபின் வெளியே நிற்க வழியில்லை. உள்ளே போகவோ கோடிகள் தேவை. மோகன் பாகான் 2020இல் அந்தப் புதிய அணியோடு இணைந்தது. பட்டங்கள் குவிந்தன. ஆயினும் அவர்களுடைய ரசிகர்களே, பெயருக்கு முன் ஒட்டிய மூன்றெழுத்தை நீக்கும்படி மூன்று ஆண்டுகள் போராடி, 2023இல் நீக்கச் செய்தார்கள். எதிரணியார் ஆயினும், அந்தப் போராட்டத்தில் என் மனம் அவர்கள் பக்கமே இருந்தது.

ஈஸ்ட் பெங்காலுக்கு நேர்ந்தது இன்னும் கடினமானது. 2018இல் பெங்களூரைச் சேர்ந்த குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்கோடு வந்து, 2020இல் விலகியது. அவ்வாண்டே ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் வந்தது. மாநில முதலமைச்சர் மம்தா பானர்ஜியே இடையில் நின்று ஏற்பாடு செய்யும்படி ஆயிற்று. கழகத்தின் நூற்றாண்டில், கடைசி நேரத்தில் சூப்பர் லீகில் இடம் கிடைத்தது. தொற்றுநோய்க் காலமாதலால் ஆட்டங்கள் யாவும் கோவாவில், பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடந்தன. கூட்டமே பலமாக உள்ள அணி, கூட்டமின்றி ஆடியது. முதற் பருவத்தில் 11 அணிகளில் ஒன்பதாம் இடம். இதனிடையே இறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடக் கழக நிர்வாகிகள் மறுத்தார்கள். கழகத்தின் உரிமைகள் முழுவதும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். பணம் போடுபவருக்கு அதிகாரம் வேண்டாமா என்பது நிறுவனத்தின் வாதம். 2021 ஜூலையில் கழகக் கூடாரத்தின் வெளியே திரண்ட ரசிகர்கள் மீது போலீசார் தடியடி நடத்தினார்கள். அடுத்த பருவத்தில் அணி 20 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்று, கடைசி இடத்தில் முடித்தது. 2022இல் அந்த நிறுவனமும் போயிற்று, எமாமி வந்தது. அதற்குப் பின் 2024-25 வரை மூன்று பருவங்களிலும் ஒன்பதாம் இடமே.

அந்த வாதத்தில் நான் யார் பக்கம் என்று கேட்கிறார்கள். நிர்வாகிகள் எதற்கு அஞ்சினார்களோ அந்த அச்சம் பொய்யன்று. பெயரை விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அந்த அச்சத்தை அவர்கள் பேரம் முடிந்து பணம் வாங்கிய பிறகு கண்டுபிடித்தது எனக்கு உடன்பாடில்லை. நிறுவனத்தாரும் கழகம் என்பதை ஒரு விளம்பரப் பலகையாக மட்டுமே கண்டார்கள் என்று தோன்றுகிறது. ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று பொதுவிதி உண்டு. முதலீடு செய்பவர் அந்த வரம்புக்குள் நின்றே செய்கிறார். அத்தகைய விதி இங்கே இருந்திருந்தால், 2021இல் யாரும் யாரையும் மிரட்டியிருக்க முடியாது. உறுப்பினராவது எளிதாக வேண்டும். வரவு செலவு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் உள்ள ரசிகன் தன் சிறு தொகையைச் செலுத்தி வாக்களிக்க வேண்டும். கோஷம் போட மட்டும் ரசிகன் வேண்டும், கணக்குக் கேட்க வேண்டாம் என்பது நியாயமா?

இன்னொரு குறையும் உண்டு. 2024-25 பருவம் முடியும்வரை சூப்பர் லீகிலிருந்து கீழே இறக்கப்பட்ட அணி எதுவும் இல்லை. 1928இல் கீழே விழுந்த கழகம் மானத்தோடு போராடி ஏறியது. தீப்பந்தம் அப்போதுதான் எரிந்தது. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே நாற்காலி காத்திருக்கும் என்றால், தோல்வி உறைக்குமா? பெரும்பாலான ரசிகர்கள் இந்தப் பாதுகாப்பை விரும்புகிறார்கள். நான் விரும்பவில்லை.

நகரத்தின் மூன்றாவது பெருங்கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங்கையும் இங்கே ஒரு சொல்லால் நினைக்க வேண்டும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்ற கழகம் அது. அதற்குமுன் இந்திய அணி எதுவும் அந்த லீகை வென்றதில்லை. 1940இல் தூரந்த் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. பிறகு பல பத்தாண்டுகள் இருளில் கிடந்து, 2021இல் நாற்பது ஆண்டுக்குப் பின் கல்கத்தா லீகையும், 2023-24இல் ஐ-லீகையும் வென்று மேலேறியது. ஏறிய முதற் பருவத்திலேயே சூப்பர் லீகின் கடைசி இடம். பணத்தின் நோய் அங்கும் அதே நோய்தான்.

இந்த இருண்ட ஆண்டுகளில் ஒரு மாலை மட்டும் ஒளியோடு நிற்கிறது. 2019 ஜனவரிக்குப் பின் ஈஸ்ட் பெங்கால் மோகன் பாகானை வெல்லவில்லை. 2020 முதல் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோல்வி. எங்கள் தெருவில் மோகன் பாகான் வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் விரல்களை மடக்கி எண்ணிக் காட்டுவார்கள். 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் தூரந்த் கோப்பையில் இரு அணிகளும் மீண்டும் எதிர்ப்பட்டன. அறுபதாவது நிமிடத்தில் வலப்புறமாகப் பந்தை எடுத்துச் சென்று, எதிரியை ஏமாற்றி, இடக்காலால் வலையின் மூலையில் செலுத்தினார் ஒருவர். அந்த ஒரே கோலில் ஆட்டம் முடிந்தது. கோலைப் போட்டவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பிள்ளை. மறுநாள் காலை காய்கறிக் கடைக்காரர், பரிஸால் வம்சத்தவர், என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். 'உங்கள் ஊர்ப் பையன்' என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

2024 ஜனவரி 28ஆம் நாள் புவனேஸ்வரத்தில், சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் ஒடிசா அணியிடம் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோலும் நந்தகுமாருடையதே. கூடுதல் நேரத்தில் கிளெய்ட்டன் சில்வா மூன்றாவது கோலைப் போட, கழகம் 3-2 என்று வென்றது. 2012க்குப் பின் கிடைத்த முதல் தேசியக் கோப்பை. மீட்சி வந்துவிட்டது என்று நம்பினோம். அடுத்த லீக் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் அணி தோற்றது.

பழைய ரசிகர்கள் பலர் கவனிக்கத் தவறிய ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். கழகத்துக்குப் பெண்கள் அணி ஒன்றும் உண்டு. ஆண்கள் அணிக்கு வரும் கூட்டத்தில் சிறு பங்குகூட அதற்கு வருவதில்லை. அந்தப் பெண்கள் 2025 ஏப்ரலில் கல்யாணி அரங்கில் ஒடிசா அணியை 1-0 என்று வென்று, இந்தியப் பெண்கள் லீகின் 2024-25 பட்டத்தை எடுத்தார்கள். 2004க்குப் பின் ஈஸ்ட் பெங்கால் என்ற பெயருக்குக் கிடைத்த முதல் தேசிய லீக் பட்டம் அது. ஆண்கள் அணி அதே பருவத்தில் ஒன்பதாம் இடத்தில் இருந்தது.